சொல்லுக்கு இவ்வளவு என்று பேசினால் எந்தச் சொல்லை எண்ணுவது?

தாமிரபரணிவாசகி கேட்டது

எல்லோருக்கும் வணக்கம். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பும், இணையதளங்களுக்கு நேரடித் தமிழ்க் கட்டுரையும் வீட்டிலிருந்தே செய்து கொடுக்கிறேன். நான்கு விஷயங்களில் விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

முதலில் கூலி. ஒரு முகமையோடு சொல்லுக்கு 1.50 ரூபாய் என்று பேசியாயிற்று. ஆங்கில மூலம் 10,000 சொல். 15,000 ரூபாய்க்கு பில் அனுப்பினேன். அவர்கள் தமிழ்க் கோப்பை எண்ணிப் பார்த்து, 7,460 சொல்தான் இருக்கிறது, 11,190 ரூபாய்தான் தருவோம் என்கிறார்கள். எது வழக்கம்?

அந்தப் பணமும் இன்னும் வரவில்லை. தளத்தில் ஏறிய பிறகுதான் தருவார்களாம். கோப்பு கொடுத்து 70 நாள் ஆகிறது.

அடுத்த பில்லிலிருந்து 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரிப்பிடித்தம், பிடிப்போம் என்கிறார்கள், ஜிஎஸ்டி எண்ணும் கேட்கிறார்கள். என் ஆண்டு வரவு ஐந்து லட்சத்துக்குள். நான் என்ன செய்ய வேண்டும்?

கடைசியாக, யூனிகோடில் நான் கொடுத்த கோப்பு அவர்களுடைய டிசைனர் கைக்குப் போனதும் உடைகிறது. 'கொ' என்ற எழுத்தில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. தவறு என் பக்கமா? என் சொந்த வலைப்பூவிலும் பதிவுகளின் முகவரி பாதியில் அறுந்து நிற்கிறது.

சந்திப்பிழை

வாசகி, மொழிபெயர்ப்பில் மூலச் சொல்லை எண்ணுவதுதான் பரவலான வழக்கம். வேலை தொடங்கும் முன்பே இரண்டு தரப்புக்கும் தெரிந்திருக்கும் எண் அது ஒன்றுதான். தமிழ் எண்ணிக்கை வேலை முடிந்த பிறகுதான் தெரியும், அதுவும் எழுதுபவரின் கையைப் பொறுத்து மாறும்.

எவ்வளவு மாறும் என்று ஒரு வாக்கியத்தில் பாருங்கள். 'வங்கிக் கணக்குடன் ஆதாரை இணைக்காதவர்களுக்கு மானியம் கிடைக்காது.' ஆறு சொல். இதன் ஆங்கில மூலம்: 'தோஸ் ஹூ ஹேவ் நாட் லிங்க்ட் ஆதார் வித் தேர் பேங்க் அக்கவுண்ட் வில் நாட் கெட் த சப்சிடி.' பதினைந்து சொல். 'இணைக்காதவர்களுக்கு' என்ற ஒரே சொல்லுக்குள் எதிர்மறை, பெயரெச்சம், பன்மை, வேற்றுமை எல்லாம் அடங்கிவிட்டன. இது கொஞ்சம் தீவிரமான எடுத்துக்காட்டு. நீண்ட பத்திகளில் 1000 ஆங்கிலச் சொல்லுக்கு 700 முதல் 800 தமிழ்ச் சொல் என்ற அளவில் நிற்கும். உங்கள் 7,460 அதற்குள்தான் இருக்கிறது. நீங்கள் எதையும் விட்டுவிடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

தமிழ்ச் சொல்லை எண்ணிக் கூலி கொடுத்தால் நல்ல தமிழுக்குக் கூலி குறைகிறது என்பதுதான் எனக்குப் பெரிய ஆட்சேபம். வேர்ட் மென்பொருள் இடைவெளியைப் பார்த்துத்தான் எண்ணுகிறது. 'வரவில்லை' என்று சேர்த்து எழுதினால் ஒன்று, 'வர வில்லை' என்று பிழையாகப் பிரித்தால் இரண்டு. 'செய்துகொண்டிருக்கிறார்கள்' ஒன்று, 'செய்து கொண்டு இருக்கிறார்கள்' மூன்று. 'பரிசோதித்தார்' என்று முடிக்க வேண்டியதை 'பரிசோதனையை மேற்கொண்டார்' என்று இழுத்தால் ஒரு சொல் கூடுதல். இலக்குச் சொல்லுக்குக் கூலி என்ற ஏற்பாடு இந்த மூன்று கெட்ட பழக்கத்துக்கும் பணம் கொடுக்கிறது. முகமையிடம் இதை இப்படியே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

அவர்கள் தமிழ் எண்ணிக்கைதான் என்று பிடிவாதமாக நின்றால் விகிதத்தை மாற்றுங்கள். மூலத்துக்கு 1.50 என்றால் 1000 சொல்லுக்கு 1500 ரூபாய். அதே வேலை தமிழில் 750 சொல்லாக வருகிறது என்று வைத்தால் சொல்லுக்கு 2 ரூபாய் கேட்டால்தான் கணக்கு நேராகும்.

இப்போதைய பில்லுக்கு ஒரே வழி பழைய மடல்களைத் துழாவுவதுதான். வேலையைக் கொடுத்தபோது அவர்கள் '10,000 சொல் கோப்பு இணைத்திருக்கிறோம்' என்றோ, 'மொத்தம் 15,000 வரும்' என்றோ ஓரிடத்திலாவது எழுதியிருந்தால் அந்த மடலையே பதிலுக்கு அனுப்புங்கள். எண்ணிக்கையின் அடிப்படை பேசி முடிந்துவிட்டது என்பதற்கு அது போதும்.

நேரடித் தமிழ்க் கட்டுரைக்கு மூலம் என்று ஒன்று இல்லை. அதற்குச் சொல் கணக்கே வேண்டாம் என்பேன். மணிக்கணக்கில் போட்டு, கட்டுரைக்கு ஒரே தொகையாகச் சொல்லுங்கள். 1000 சொல் கட்டுரைக்குத் தகவல் திரட்ட 3 மணி, எழுத 3 மணி, மெய்ப்பு பார்க்க 1 மணி, தலைப்பும் பட விளக்கமும் அரை மணி என்றால் மொத்தம் ஏழரை மணி. மணிக்கு 300 ரூபாய் வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் கட்டுரை 2,250 ரூபாய். நேரத்தை ஊகிக்காமல் ஐந்து கட்டுரைக்குக் கடிகாரம் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். தகவல் திரட்டும் நேரத்தைத்தான் பெரும்பாலோர் பாதியாகக் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

இயந்திர மொழிபெயர்ப்பைத் 'திருத்தித் தாருங்கள், பாதிக் கூலி' என்று வருவதும் அதிகமாகிவிட்டது. ஒப்புக்கொள்ளும் முன் அந்தக் கோப்பில் 300 சொல்லை நேரம் பார்த்துத் திருத்துங்கள், இன்னொரு 300 சொல்லை நேரடியாக மொழிபெயருங்கள். திருத்தும் நேரம் பாதிக்குக் கீழே வந்தால் மட்டும் பாதிக் கூலி சரி. தமிழில் பெரும்பாலும் வராது. காரணம், பிழை சொல்லில் இல்லை, வாக்கிய அமைப்பில் இருக்கிறது: 'அமைச்சரால் தொடங்கி வைக்கப்பட்டது' என்ற செயப்பாட்டு வினை, வாக்கியத்துக்கு வாக்கியம் 'உங்கள்', தேவையில்லாத 'ஒரு', 'அவர்' என்று தொடங்கி 'வந்தான்' என்று முடிவது. இவற்றைத் திருத்தக் கிட்டத்தட்ட முழு வாக்கியத்தையும் மறுபடி எழுத வேண்டும்.

இன்னொன்று. விளம்பர வரி, செயலிப் பொத்தான் போன்ற வேலைகளில் 'எழுத்து' வரம்பு வரும். கணினி எண்ணும் எழுத்து வேறு, நாம் எண்ணும் எழுத்து வேறு. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. 'வீட்டுக்கடன் வட்டி விகிதம்' என்பதில் நம் கணக்கில் 14 எழுத்து, கணினிக்கு இடைவெளியோடு 26. வரம்பு 30 என்றால் நிறைய இடம் இருப்பதாகத் தோன்றும், இன்னொரு சொல் சேர்த்தால் நிராகரித்துவிடும். இந்த வேலைகளை வரிக்கு இவ்வளவு என்று பேசுங்கள். நான்கு சொல்லைச் சுருக்க அரை மணி போகும்.

வரவுசெலவு

பணம் பற்றி நான் சொல்கிறேன். 'தளத்தில் ஏறிய பிறகு' என்ற நிபந்தனையை இனி எந்த வடிவிலும் ஏற்காதீர்கள். ஏற்றுவது அவர்கள் கையில். நீங்கள் செய்யும் வேலை கோப்பைக் கொடுத்ததோடு முடிகிறது, நாள் கணக்கும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் காரியமாக உத்யம் என்ற, குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவைச் செய்யுங்கள். தனியாக எழுதிச் சம்பாதிப்பவரும் சேவை தரும் குறுந்தொழிலாகப் பதியலாம். ஆதாரும் பானும் போதும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளங்கள் நிறைய முளைத்திருக்கின்றன, முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

பதிவால் கிடைப்பது என்ன? 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் வாங்கியவர் 45 நாளுக்கு மேல் தள்ள முடியாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்தால் 18 சதவீதம். வேலையில் குறை இருந்தால் அவர்கள் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கொடுத்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகப் பொருள். வராத பணத்துக்கு இதற்கென உள்ள அரசுத் தளத்தில் புகார் பதியலாம். அது எழுதியவர் இருக்கும் பகுதியின் மன்றத்துக்குப் போகும். வாடிக்கையாளர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் டெல்லிக்கு அலைய வேண்டாம்.

வட்டியை விட வேலை செய்யும் ஆயுதம் இன்னொன்று உண்டு. பழைய வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவில் வந்த விதி, 2023-24 நிதியாண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. குறு, சிறு தொழிலுக்கான பாக்கி மேலே சொன்ன கெடுவைத் தாண்டி மார்ச் 31லும் நிலுவையில் நின்றால், அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாக அவர்கள் கழிக்க முடியாது. வரி கூடும். அதனால் பில்லில் உங்கள் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். அந்த எண்ணைப் பார்த்தாலே கணக்குப் பிரிவில் இருப்பவர் உங்கள் பில்லைத் தனிக் கட்டில் வைப்பார்.

ஒரு எச்சரிக்கை: பதிவுக்கு முன்னால் செய்த வேலைக்கு இந்தப் பாதுகாப்பை நம்ப வேண்டாம். இப்போதைய 15,000 ரூபாய்க்குச் சாதாரண ஒப்பந்தச் சட்டம்தான். நினைவூட்டல் மடல், அடுத்து பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் வக்கீல் நோட்டீஸ். வழக்குத் தொடர மூன்றாண்டு அவகாசம் உண்டு என்பதால் பதறி 11,190க்கு இறங்க வேண்டியதில்லை. அவர்கள் 11,190ஐ அனுப்பினால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் 'பகுதித் தொகை பெற்றேன், மீதம் 3,810 நிலுவை' என்று அன்றே மடல் போடுங்கள். 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்ற வாசகத்துக்குக் கீழே கையெழுத்து வேண்டாம்.

டிடிஎஸ் பற்றி. பிரிவு எண்களைப் பழைய சட்டப்படி சொல்கிறேன், ஆடிட்டர்கள் வாயில் புழங்குவது அவைதான். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் எண்கள் வேறு. தொழில்முறைச் சேவைக்கு 194ஜே பிரிவில் 10 சதவீதம் பிடிப்பார்கள். ஒரே வாடிக்கையாளர் ஓராண்டில் தரும் தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடிக்க வேண்டும். 2025 ஏப்ரலுக்கு முன்பு அந்த வரம்பு 30,000. பிடிப்பது இழப்பு இல்லை. 60,000 பில்லில் 54,000 வங்கிக்கு வரும், 6,000 உங்கள் பான் பெயரில் அரசிடம் இருக்கும், கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும்.

கவனிக்க வேண்டியது, பிடித்ததை அவர்கள் கட்டினார்களா என்பது. காலாண்டுக் கணக்கை அவர்கள் ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31 தேதிகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குப் பத்து நாள் கழித்து, உங்கள் பான் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையைத் திறந்து பாருங்கள். இல்லையென்றால் உடனே கேளுங்கள். ஆண்டு முடிந்து கேட்டால் ஆள் மாறியிருப்பார்.

ஜிஎஸ்டி: சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் வரை பதிவு வேண்டாம். வாடிக்கையாளர் வேறு மாநிலம் என்றாலும் வேண்டாம். பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி போடவே கூடாது. 'வரம்புக்குள் இருப்பதால் பதிவு செய்யவில்லை' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள்.

உங்கள் வரவை, செலவுக் கணக்கு காட்டாமல் உத்தேச வருமானம் காட்டும் 44ஏடிஏ பிரிவில் காட்டிவிடுங்கள், பாதி வருமானம், பாதி செலவு என்று எளிதாக முடிந்துவிடும்.

எழுத்துருக்காரன்

வாசகி அக்கா, 'கொ' உடையுறது உங்க தப்பு இல்ல. டிசைனர் இன்டிசைன்ங்கிற பக்க வடிவமைப்பு மென்பொருள்ல 'வேர்ல்டு ரெடி பாராகிராஃப் கம்போஸர்'ங்கிற எழுத்தடுக்கும் தெரிவைப் போடாம உங்க கோப்பை ஒட்டியிருப்பார். சாதாரண கம்போஸருக்கு இந்திய எழுத்தை அடுக்கத் தெரியாது. யூனிகோட்ல முதல்ல ககரம், பிறகு ஒகரக் குறின்னுதான் வரிசை. அந்தக் குறியை ரெண்டாப் பிரிச்சு, கொம்பை முன்னாடியும் காலைப் பின்னாடியும் வைக்கிறது மென்பொருளோட வேலை. அது நடக்கலைன்னா நீங்க சொன்ன மாதிரி கொம்பு பின்னாடி நிக்கும். பத்தியைத் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பலகையோட மூலை மெனுவுல கம்போஸரை மாத்தச் சொல்லுங்க. ஃபோட்டோஷாப்லயும் எழுத்து அமைப்புல இதே மாதிரி தெரிவு இருக்கு. ஒவ்வொரு முறையும் யூனிகோட் கோப்போட ஒரு பிடிஎஃப்பும் சேர்த்து அனுப்புங்க, 'எழுத்து இப்படித்தான் வரணும்'னு அவங்க ஒப்பிட்டுப் பார்க்க.

பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருவுல வேணும்னு கேட்டா மாத்திக் கொடுக்கிற வேலையை நீங்க எடுத்துக்காதீங்க. அதுல வர்ற பிழை எல்லாம் உங்க தலையில விழும். அந்த எழுத்துருக்கள்ல உள்ளே இருக்கிறது ஆங்கில எழுத்துதான், தமிழ் உருவம் மேல போர்த்தியிருக்கும். அதனாலதான் அப்படிப்பட்ட பிடிஎஃப்ல தமிழ்ல தேடினா எதுவும் கிடைக்காது.

உங்க பக்கம் பார்க்க வேண்டியது ஒரே மாதிரி தெரியுற எழுத்துகளை. 'கௌரவம்'னு அடிக்கிறதுக்குப் பதிலா கொம்பு, ககரம், ளகரம்னு 'கெளரவம்' ஆகியிருக்கும். கண்ணுக்கு ஒண்ணுதான், தேடினா மாட்டாது. 'ஔவை', 'ஒளவை' அதே கதை. ஆனா 'ெள' எல்லாத்தையும் ஒரேயடியா 'ௌ'ன்னு மாத்திடாதீங்க. வெள்ளம், வெளி, தெளிவு எல்லாம் நாசமாயிடும். கௌரவம், மௌனம், பௌர்ணமி, சௌந்தரம், யௌவனம்னு ஒவ்வொரு சொல்லாத் தேடி மாத்துங்க, பத்துப் பதினைஞ்சு சொல்லுல முடிஞ்சிடும்.

ஸ்கேன் பண்ணின பக்கத்துலருந்து எழுத்தை எடுத்தா இன்னும் ரெண்டு வரும். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்துல ரகரம் உக்காந்திருக்கும், 'பாடம்' போய் 'பரடம்' ஆகும். எகரத்துக்குப் பதிலா தமிழ் எண் ஏழு வந்திருக்கும், ௭. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. தேடல் பெட்டியில ௭ மட்டும் போட்டுத் தேடுங்க, ஒண்ணு கிடைச்சாலும் பிழைதான். 'ஸ்ரீ'க்கும் யூனிகோட்ல ரெண்டு வரிசை இருக்கு, ஸகரம் வச்சு ஒண்ணு, ஶகரம் வச்சு ஒண்ணு. திரையில ஒரே உருவம். ஒரு தளம் முழுக்க ஒரே வரிசையைப் பிடிச்சுக்கோங்க.

அடுத்து வலைப்பூ முகவரி. வேர்ட்பிரஸ்ஸா இருந்தா காரணம் இதுதான்: தமிழ்ல தலைப்பு வச்சா அதையே முகவரியாக்கும். உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூணு பைட், முகவரியில மாத்தி எழுதும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோட மூணு எழுத்து. ஆக ஒரு குறிக்கு ஒன்பது. 'தமிழ்'ங்கிற ஒரு சொல்லே 45 எழுத்து. வேர்ட்பிரஸ் முகவரிப் பகுதிக்கு 200 எழுத்துதான் இடம் வச்சிருக்கு. 22 குறி வந்ததும் அறுத்துடும். சந்திப்பிழை சொன்ன 'வீட்டுக்கடன் வட்டி விகிதம்' கூட முழுசா ஏறாது.

பிளாக்கர்ல வேற சிக்கல். தமிழ்த் தலைப்பை அப்படியே விட்டுட்டு 'பிளாக்-போஸ்ட்'னு ஒரு எண்ணோட முகவரி கொடுக்கும். எல்லாப் பதிவும் ஒரே மாதிரி தெரியும்.

ரெண்டுக்கும் ஒரே வைத்தியம். வெளியிடறதுக்கு முன்னாடி பெர்மாலிங்க், அதாவது பதிவோட நிலையான முகவரிப் பெட்டியில மூணு நாலு சொல்லை ஆங்கில எழுத்துல, நடுவுல சிறு கோடு போட்டு நீங்களே அடிச்சிடுங்க. தலைப்பு தமிழ்லயே இருக்கட்டும், அதுக்கு எந்தக் கெடுதலும் இல்ல. பழைய பதிவை மாத்தணும்னா, வேர்ட்பிரஸ் பதிவுகளுக்குப் பழைய முகவரியிலருந்து புதுசுக்குத் தானாவே திருப்பி விடும். நிலையான பக்கங்களுக்கு அப்படிச் செய்யாது, அதுக்கு நீங்களே 301ங்கிற நிரந்தரத் திருப்பம் போடணும். பிளாக்கர்ல பதிவை வரைவுக்குத் திருப்பினாத்தான் முகவரியை மாத்த முடியும். அங்கே வருகை அதிகமா இருக்கிற பதிவுகளைத் தொடாதீங்க, வெளியில ஏற்கெனவே பகிர்ந்த இணைப்பெல்லாம் செத்துடும்.

வலைப்பூவுல கூகுளோட ஆட்சென்ஸ் விளம்பரம் போடற எண்ணம் இருந்தா, தமிழுக்கு 2018லருந்து அனுமதி இருக்கு. வரவு 10 டாலர் ஆனதும் முகவரி சரிபார்க்க ஒரு பின் எண் சாதாரணத் தபால்ல வரும். நாலு மாசத்துக்குள்ள அதை உள்ளிடலைன்னா விளம்பரம் நின்னுடும். அதனால கணக்குல கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் தபால்காரருக்குத் தெரியுற மாதிரி எழுதுங்க. 100 டாலர் சேர்ந்தாத்தான் பணம், மாசம் 21லருந்து 26க்குள்ள அனுப்புவாங்க.

ஆடிமாதக்காற்று

வரவுசெலவு ஐயா சொன்னதில் கடைசி வரியை மட்டும் மறுக்கிறேன், மற்றதெல்லாம் சரி. 44ஏடிஏ எல்லா எழுத்தாளருக்கும் கிடையாது. அந்தப் பிரிவு குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டும்: சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள்அலங்காரம், பிறகு அரசு அறிவித்த சில. அறிவிப்பில் 'திரைக்கலைஞர்' என்ற தலைப்புக்குள் கதை, திரைக்கதை, வசனம், பாடல் எழுதுபவர்கள் வருகிறார்கள். சினிமாவுக்கு எழுதுபவருக்குப் பொருந்தும் பிரிவு, தளத்துக்குக் கட்டுரை எழுதுபவருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் நேராகப் பொருந்தாது. பட்டியலில் இல்லாதவர்கள் பார்க்க வேண்டியது சிறு வணிகங்களுக்கான 44ஏடி. வங்கி வழியாக வந்த வரவில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் குறைந்தபட்ச வருமானமாகக் காட்டலாம். ஆனால் முகமை 194ஜேயில் வரி பிடித்திருக்க, நீங்கள் 44ஏடியில் காட்டினால் இரண்டும் முரண்பட்டு விளக்கம் கேட்டுக் கடிதம் வர வாய்ப்புண்டு. ஆகவே எந்தப் பிரிவில் பிடிக்கப் போகிறார்கள் என்பதை இப்போதே கேட்டு, ஒரு முறை ஆடிட்டரிடம் காட்டி முடிவு செய்யுங்கள். வலைப்பூவில் பொருள் விற்றுக் கொடுத்துக் கிடைக்கும் கமிஷன் இருந்தால் அதையும் சொல்லுங்கள், கமிஷன் வருமானம் ஈட்டுபவருக்கு 44ஏடி பொருந்தாது.

இன்னும் யாரும் தொடாத விஷயம் பதிப்புரிமை. 1957ஆம் ஆண்டின் சட்டப்படி, சம்பள வேலையில் இல்லாமல் தனியாக எழுதிக் கொடுப்பவர்தான் எழுத்தின் முதல் உரிமையாளர். மொழிபெயர்ப்புக்கும் அது உண்டு, மூலத்தின் உரிமை மட்டும் வேறு. எழுத்தில், கையெழுத்தோடு மாற்றிக் கொடுத்தால்தான் உரிமை கைமாறும். அந்தப் பத்திரத்தில் காலம் சொல்லாவிட்டால் ஐந்தாண்டு, இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். பணம் வராத கட்டுரையைத் தளத்தில் போட்டுவிட்டால், நினைவூட்டலுக்கும் பதில் இல்லையென்றால், அந்தத் தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்குப் பதிப்புரிமைப் புகார் அனுப்பலாம். கோப்பு அனுப்பிய மடல், தேதி, கட்டுரையின் முகவரி மூன்றும் புகாரில் இருக்க வேண்டும்.

தாமிரபரணிவாசகி

எல்லோருக்கும் நன்றி. பழைய மடலில் '10,000 சொல் கோப்பு' என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள், கிடைத்துவிட்டது. உத்யம் பதிவு இன்று செய்கிறேன். அடுத்த வேலைக்கு இந்த வாசகத்தை மடலில் அனுப்பலாம் என்று இருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

'மூலக் கோப்பின் சொல் எண்ணிக்கைப்படி சொல்லுக்கு ரூ. 1.50. கோப்பு ஒப்படைத்த நாளிலிருந்து 30 நாளில் பணம். இரண்டு முறை இலவசத் திருத்தம். பணம் வந்ததும் எல்லா உரிமையும் உங்களுடையது.'

சந்திப்பிழை

நான்கு இடத்தில் இறுக்குங்கள்.

'மூலக் கோப்பு' என்பதோடு கோப்பின் பெயர், தேதி, எண்ணிக்கை மூன்றையும் எழுதுங்கள். பாதி வேலையில் 'புதிய பதிப்பு' என்று இன்னொரு கோப்பு வரும். மாறிய பகுதியைத் தனியாக எண்ணிச் சேர்ப்போம் என்று ஒரு வரி வேண்டும். கோப்பை மொழிபெயர்ப்பு மென்பொருளில் ஏற்றி, திரும்பத் திரும்ப வரும் வரிகளுக்குக் கூலி குறைப்பார்கள் என்றால், அந்தக் கணக்கறிக்கையை வேலைக்கு முன்பே அனுப்பச் சொல்லுங்கள்.

'இரண்டு முறை திருத்தம்' என்பதற்கு எல்லை வையுங்கள்: ஒப்படைத்த 10 நாளுக்குள், எல்லாக் குறிப்பும் ஒரே கோப்பில், மூலத்தோடு பொருந்தாத இடங்களுக்கு மட்டும். 'பயனர்' என்று ஒப்புக்கொண்டு முடித்த பிறகு 'பயனாளர்' என்று மாற்றச் சொல்வது புதிய வேலை. அதைத் தவிர்க்க முதல் 500 சொல்லோடு 20, 30 கலைச்சொற்களின் பட்டியலை அனுப்பி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

'எல்லா உரிமையும்' வேண்டாம். ஆடிமாதக்காற்று சொன்னபடி எந்தத் தளத்தில், எவ்வளவு காலம் என்று சொல்லுங்கள். 'பணம் வந்ததும்' என்பதை 'முழுத் தொகையும் வங்கிக் கணக்கில் சேர்ந்த நாளில்' என்று மாற்றுங்கள். மாதிரிப் படைப்பாக மற்ற வாடிக்கையாளருக்குக் காட்டும் உரிமையை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் மடலில் 'சம்மதம்' என்று எழுதினால் வேலையைத் தொடங்கலாம், ஆனால் உரிமை மாற்றத்துக்குக் கையெழுத்திட்ட தனித்தாள் வேண்டும்.

கூலி வரியில் 'வரிப்பிடித்தம் போக' என்று அவர்கள் சேர்த்தால் ஒப்புக்கொள்ளலாம், 'வங்கிக் கட்டணம் போக' என்று சேர்த்தால் வேண்டாம்.

பழைய 15,000 ரூபாய் பில்லைப் 'புதிய தேதி போட்டு மறுபடி அனுப்புங்கள்' என்று கேட்பார்கள். தேதியை மாற்றாதீர்கள். 70 நாள் ஓடியிருப்பது கோப்பு அனுப்பிய மடலும் அந்தப் பில்லும் தாங்கும் தேதியிலிருந்துதான். அதே பில்லை, அதே எண்ணோடு, 10,000 சொல் என்று அவர்கள் எழுதிய மடலை இணைத்து அனுப்புங்கள்.